பயிற்சிக்கு நடுவே ஆராய்ச்சிக்குப் போவது எப்படி: பிரிட்டனில் உள்ள மருத்துவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் ஸ்பெஷாலிட்டி டிரெயினிங்கில் இருக்கும் ஒரு மருத்துவர், தன் இடத்தை இழக்காமல் மூன்று ஆண்டு வெளியே போய், பிஎச்டி முடித்துவிட்டுத் திரும்ப முடியும். இதற்கு ஓஓபிஆர் என்று பெயர். பயிற்சித் திட்டத்துக்கு வெளியே, ஆராய்ச்சிக்காக என்று அனுமதிக்கப்படும் காலம் இது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்குக்கும் பொதுவான விதிகள் ‘கோல்டு கைடு’ என்ற ஆவணத்தில் இருக்கின்றன. ஆனால் எதை எந்த மாதத்தில் தொடங்க வேண்டும், பணம் எங்கே குறையும், விசாவில் இருப்பவருக்கு எங்கே சிக்கல் வரும் என்பதெல்லாம் அதில் ஒரே இடத்தில் கிடைக்காது. சீனியர்களைக் கேட்டுத்தான் பெரும்பாலானோர் தெரிந்துகொள்கிறார்கள். அப்படிக் கேட்க ஆள் இல்லாதவர்களுக்காகவும், குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து பிரிட்டனின் அரசு சுகாதாரச் சேவையான என்எச்எஸ்-இல் சேர்ந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தவரை, இந்த மூன்று ஆண்டு நன்றாகப் போகுமா என்பது பெரும்பாலும் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு ஆண்டிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியிலும் அந்தப் பகுதிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில்: உங்களுக்கு வேண்டியது எந்த ஓஓபி?

ஓஓபி (பயிற்சித் திட்டத்துக்கு வெளியே இருக்கும் காலம்) என்பது ஒரு குடும்பப் பெயர். அதற்குள் ஐந்து வகை உண்டு. மருத்துவர்களின் பதிவையும் பயிற்சியையும் ஒழுங்குபடுத்தும் ஜிஎம்சி முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட பயிற்சிக்காக வேறிடம் போவது ஓஓபிடி. பயிற்சி நிறைவுச் சான்றிதழான சிசிடி-யின் கணக்கில் சேராத மருத்துவ அனுபவத்துக்காகப் போவது ஓஓபிஇ. ஆராய்ச்சிக்கு ஓஓபிஆர். குடும்பம், உடல்நிலை, வேறு விருப்பம் என்று இடைவெளி எடுப்பது ஓஓபிசி. பயிற்சியைச் சற்று நிறுத்திவைத்து, பயிற்சி அல்லாத பதவியில் வேலை பார்ப்பது ஓஓபிபி, அதிகபட்சம் ஓராண்டு.

மூச்சு விட நேரம் வேண்டும் என்பதற்காகப் பிஎச்டி-க்கு விண்ணப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். களைப்புக்கு ஓய்வுதான் மருந்து. ஓஓபிசி இருக்கிறது, ஓஓபிபி இருக்கிறது, பகுதிநேரப் பயிற்சியும் இருக்கிறது. பிஎச்டி என்பது ரோட்டா (டியூட்டி அட்டவணை) இல்லாத வேலைதான். ஆனால் வார இறுதி எது என்றே தெரியாத வேலையும் அதுவே. ஒரு கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது, அதற்குப் பதில் தேடியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

பட்டம் எது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். இங்கே எம்டி என்பது பெரும்பாலும் இரண்டாண்டு ஆராய்ச்சிப் பட்டம். நம் ஊரில் ஜெனரல் மெடிசினில் எம்டி முடித்து வந்தவர்கள் விண்ணப்பப் படிவத்தில் அதைக் குறிப்பிடும்போது, அது மருத்துவ நிபுணத்துவப் பட்டம் என்பதை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே ஆராய்ச்சிப் பட்டம் இருப்பதாகத் தேர்வுக் குழு நினைத்துக்கொள்ளும். கிளினிக்கல் அகாடமிக் பாதையில் நீண்ட நாள் போக நினைப்பவருக்கு என் சிபாரிசு பிஎச்டிதான்.

எந்த ஆண்டில் கிளம்புவது

டிரெயினிங்கில் சேர்ந்து குறைந்தது ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கடைசி ஆண்டில் கேட்டால் கிடைப்பது கடினம். இந்த இரண்டுக்கும் நடுவில் எது சரி என்பதற்கு ஒரே விடை இல்லை. ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். பிஎச்டி முடித்தபின் வரும் அடுத்த படி கிளினிக்கல் லெக்சரர் பதவி. அரசின் சுகாதார ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்ஆர் நிதியில் நடக்கும் இந்தப் பதவி நான்கு ஆண்டு வரை போகும். பாதி நேரம் வார்டு, பாதி நேரம் ஆராய்ச்சி. மீதிப் பயிற்சியை அதற்குள்ளேயே முடிப்பதுதான் திட்டம். சிசிடி-க்குச் சில மாதமே மிச்சம் வைத்துக்கொண்டு பிஎச்டி-யிலிருந்து திரும்பினால் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டுவிடும். ஆகவே எஸ்டி4, எஸ்டி5 (ஸ்பெஷாலிட்டி டிரெயினிங்கின் நான்காம், ஐந்தாம் நிலை) அளவில் கிளம்புவதை நான் ஆதரிக்கிறேன். அதற்குள் ஆன்-காலைத் தனியாகச் சமாளிக்கும் தைரியம் வந்திருக்கும்; திரும்பி வந்தபின் செய்ய வேண்டியதற்கும் காலம் மிச்சமிருக்கும். அறுவைசிகிச்சைத் துறையினர் கைப்பழக்கம் விட்டுப்போகும் என்று பயப்படுவது நியாயமே. அவர்கள் ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஆபரேஷன் லாக்புக்கையும் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

ஏசிஎஃப் எனப்படும் அகாடமிக் கிளினிக்கல் ஃபெலோவாக இருப்பவர்களுக்குப் பாதை சற்றே எளிது. மார்க் வால்போர்ட் தலைமையிலான குழு 2005-இல் தந்த அறிக்கையை ஒட்டி இங்கிலாந்தில் உருவான பதவி அது. கால்வாசி நேரம் ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்படும். அந்த நேரத்தின் முதன்மையான பயன், பிஎச்டி நிதிக்கான விண்ணப்பத்தைத் தயார்செய்வது. அதைச் சின்னச் சின்ன ஆடிட்களில் கரைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் ஸ்க்ரெட்ஸ், வேல்ஸில் டபிள்யூகேட் என்று இதற்கு இணையான திட்டங்கள் உண்டு. ஏசிஎஃப் இல்லாதவர்கள் ஓஓபிஆர் கேட்கக் கூடாது என்றும் எண்ண வேண்டாம். பயிற்சியில் இருக்கும் எவரும் கேட்கலாம்.

நாள்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடைசி வரியில் ஆகஸ்ட் முதல் புதன்கிழமை என்று எழுதுங்கள். பயிற்சி மருத்துவர்கள் இடம் மாறும் நாள் அது. நீங்கள் வெளியேறுவதற்கும் வசதியான நாள். அங்கிருந்து மேல்நோக்கி வாருங்கள்.

கோல்டு கைடு படி மருத்துவமனைக்குக் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அந்தந்தப் பகுதியில் பயிற்சியை நடத்தும் அலுவலகங்களான டீனரிகளில் பல ஆறு மாதம் கேட்கின்றன (அதிகாரப்பூர்வப் பெயர் எத்தனை முறை மாறினாலும் எல்லோர் வாயிலும் டீனரிதான்). ஆக, பிப்ரவரிக்குள் ஓஓபி படிவம் போயிருக்க வேண்டும். படிவத்தில் எஜுகேஷனல் சூப்பர்வைசர், டிரெயினிங் புரோகிராம் டைரக்டர் எனப்படும் டிபிடி ஆகியோரின் கையெழுத்து வேண்டும். டிசம்பர் கடைசியில் அதைத் தேடிப் போனால் ஆள் லீவில் இருப்பார். நவம்பரிலேயே டிபிடி-யிடம் பேசி, அந்த ஆண்டு ரோட்டாவிலிருந்து இன்னும் எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்று விசாரியுங்கள். ஓஓபி உரிமை அல்ல, அனுமதி. உங்கள் ரோட்டாவில் ஏற்கெனவே மூன்று காலியிடம் இருந்தால், நல்ல காரணம் இருந்தும் தள்ளிப்போடச் சொல்லலாம்.

அதற்கும் மேலே நிதி. அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான எம்ஆர்சி, என்ஐஎச்ஆர், வெல்கம் அறக்கட்டளை நிதியில் நடக்கும் பிஎச்டி திட்டங்கள், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், கேன்சர் ரிசர்ச் யுகே, கிட்னி ரிசர்ச் யுகே போன்ற அறக்கட்டளைகள் என்று கதவுகள் பல. விண்ணப்பக் கடைசித் தேதி, வெளி நிபுணர்களின் மதிப்பீடு, நேர்முகம், முடிவு என்று சேர்த்துப் பார்த்தால் அரை ஆண்டுக்கு மேல் எளிதாகப் போய்விடும். ஜனவரிக்குள் பதில் கையில் வேண்டுமென்றால் முந்தைய ஆண்டு வசந்தத்திலோ கோடையின் தொடக்கத்திலோ விண்ணப்பம் போயிருக்க வேண்டும். அந்த விண்ணப்பம் எழுத நான்கைந்து மாதம். அதற்குமுன் பிஎச்டி-க்கு வழிகாட்டும் சூப்பர்வைசரைத் தேடும் காலம். எல்லாம் கூட்டினால் கிளம்பும் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு முன்பே வேலை தொடங்க வேண்டும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

நிதி முடிவு வரும்வரை ஓஓபி படிவத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை. ‘நிதி கிடைத்தால்’ என்ற நிபந்தனையோடு முன்பே பேசி வைத்தால் டீனரி பொதுவாகப் புரிந்துகொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகர வேண்டும்.

சூப்பர்வைசர்

பெரிய பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். அந்த ஆய்வுக்குழுவில் இதற்குமுன் பிஎச்டி செய்த மருத்துவர்கள் இருவரைத் தனியாகச் சந்தித்து மூன்று கேள்வி கேளுங்கள்: மூன்று ஆண்டுக்குள் தீஸிஸ் கொடுத்தீர்களா? முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை வந்தது? சோதனை சொதப்பிய மாதத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில், பதிலைவிட அதற்கு முன் வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். இரண்டாவது சூப்பர்வைசராக உங்கள் கிளினிக்கல் துறையைச் சேர்ந்த ஒருவர் இருப்பது நல்லது. உங்களுக்குச் சிசிடி என்று ஒன்று இருக்கிறது என்பதை லேபில் நினைவில் வைத்திருப்பவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். வெளியிலிருந்து வழிகாட்டி வேண்டுமென்றால் அகாடமி ஆஃப் மெடிக்கல் சயின்சஸ் நடத்தும் மென்டரிங் திட்டத்தைப் பாருங்கள்.

பணம்: எழுதிப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள்

இப்படிக் கிடைக்கும் ஆராய்ச்சி நிதியில், அதாவது ஃபெலோஷிப்பில், பொதுவாக உங்கள் நிலைக்குரிய அடிப்படைச் சம்பளம் வரும். ஆன்-கால், இரவு, வார இறுதிக்கான கூடுதல் தொகை வராது. கடைசி மூன்று மாத பே-ஸ்லிப்பை எடுத்து, அடிப்படைக்கும் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வீட்டுக்கடன், குழந்தை நர்சரி, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அந்த மொத்தத்தை நம்பித்தான் இருக்கும். வாரம் ஒரு நாளுக்கு மிகாத கிளினிக்கல் வேலையை நிதி தருபவர்கள் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அதில் ஒரு பகுதியை லோக்கமாக (தற்காலிக ஷிப்ட் வேலையாக) செய்து இடைவெளியை அடைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் எத்தனை மணி நேரம் என்பது ஒவ்வொரு நிதி ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும், அதைப் படியுங்கள்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவர்களுக்கான 2016 ஒப்பந்தத்தின்படி, அனுமதி பெற்ற ஓஓபி-யில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டுத் திரும்புபவருக்கு அகாடமிக் பே பிரீமியம் என்ற கூடுதல் தொகை உண்டு. ஆண்டுக்கு 4,000 பவுண்டுக்கு மேல். அது தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். பட்டச் சான்றையும் ஓஓபிஆர் அனுமதிக் கடிதத்தையும் சேர்த்து ஹெச்ஆர்-க்கு அனுப்பிக் கேளுங்கள்.

முதலாளி பல்கலைக்கழகமாக மாறும்போது மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்எச்எஸ் பென்ஷன் திட்டத்திலேயே தொடர முடியுமா? பல பல்கலைக்கழகங்களில் வழி உண்டு. என்எச்எஸ் பணித் தொடர்ச்சி எப்படிக் கணக்கிடப்படும்? நோயாளிகளைப் பார்க்க ஹானரரி கான்ட்ராக்ட் (மருத்துவமனையுடனான சம்பளமில்லா ஒப்பந்தம்) எந்தத் தேதியிலிருந்து? இதில் பணித் தொடர்ச்சி பிரசவ விடுப்புக்கு மிக முக்கியம். என்எச்எஸ்-இன் கூடுதல் பிரசவகாலச் சம்பளத்துக்கு, பிரசவ வாரத்துக்கு முந்தைய 11-வது வாரம் தொடங்கும்போது 12 மாதத் தொடர்பணி தேவை. பிஎச்டி-யின் நடுவிலோ திரும்பிய உடனேயோ குழந்தை பெற நினைப்பவர்கள், ஹெச்ஆர் என்ன சொல்கிறது என்பதைக் கிளம்புமுன் மின்னஞ்சலில் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

விசாவில் இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியைத்தான் பொதுவான வழிகாட்டிகள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. நம்மில் பலருக்கு முழு முடிவுமே இதைப் பொறுத்தது.

பயிற்சியில் இருக்கும்போது உங்கள் ஸ்பான்சர் பொதுவாக நீங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனை அல்ல. பயிற்சியை நடத்தும் தேசிய அமைப்பு. பல்கலைக்கழகம் சம்பளம் தரத் தொடங்கினால் புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் தேவைப்படலாம், விசா வகையே மாறலாம். ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவில், என்எச்எஸ்-ஐப் பயன்படுத்துவதற்காக விசாவோடு கட்டும் ஹெல்த் சர்சார்ஜ் கிடையாது. சாதாரண ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாற நேர்ந்தால் வயதுவந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. கணவன் மனைவி இருவருக்கு மூன்று ஆண்டுக்கு 6,210 பவுண்டு, அதுவும் முன்பணமாக. ஆகவே சம்பளத்தை மருத்துவமனை வழியாகவே கொடுத்து, பணத்தை மட்டும் பல்கலைக்கழகம் மருத்துவமனைக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு சாத்தியமா என்று இரு தரப்பிடமும் கேளுங்கள். சில இடங்களில் செய்கிறார்கள்.

சம்பளமில்லாத இடைவெளி விழக் கூடாது. ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் நான்கு வாரத்துக்கு மேல் சம்பளமின்றி இருந்தால், பிரசவ விடுப்பு போன்ற விதிவிலக்குகள் தவிர, ஸ்பான்சர்ஷிப்பே போகக்கூடும். ஃபெலோஷிப் அக்டோபரில்தான் தொடங்குகிறது, பயிற்சிப் பதவி ஆகஸ்டில் முடிகிறது என்றால் நடுவில் உள்ள இரண்டு மாதத்துக்கு வேலை வேண்டும். ஓஓபி தொடங்கும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பதே நல்ல வழி.

கல்விக் கட்டணம் இன்னொரு பள்ளம். உங்களுக்குப் பிரிட்டனில் சம்பளம், வரி, வீடு எல்லாம் இருக்கலாம். நிரந்தர வசிப்புரிமை இல்லையென்றால் பல்கலைக்கழகம் உங்களை ஓவர்சீஸ் மாணவராகக் கணக்கிட வாய்ப்பு அதிகம். உள்நாட்டுப் பிஎச்டி கட்டணம் ஆண்டுக்கு 5,000 பவுண்டை ஒட்டி இருக்கும். ஓவர்சீஸ் கட்டணம் பல இடங்களில் 25,000-ஐத் தாண்டும். நிதி தருபவர் பெரும்பாலும் உள்நாட்டுக் கட்டணத்தை மட்டுமே தருவார். மிச்சத்தை யார் தருவது? ஊழியர்களுக்கான கட்டணச் சலுகை இருக்கிறதா என்று விண்ணப்பம் எழுதும் நாளிலேயே கேளுங்கள், ஃபெலோஷிப் வென்ற பிறகு அல்ல. சில ஆய்வகத் துறைகளுக்கு ஏடாஸ் எனப்படும் பாதுகாப்பு அனுமதியும் தேவை. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு இல்லை.

சென்னையிலோ வேலூரிலோ தரவு சேகரிக்கும் திட்டமென்றால் இரண்டைக் கவனியுங்கள். நிரந்தர வசிப்புரிமைக்கான கணக்கில் எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளிநாட்டில் இருக்கக் கூடாது என்பது பொது விதி. அடுத்து, வெளிநாட்டு நிதியோடு இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கு உள்ளூர் எதிக்ஸ் கமிட்டி மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் ஸ்க்ரீனிங் கமிட்டி ஒப்புதலும் வேண்டும். அதற்கான மாதங்களைப் பிஎச்டி-யின் முதல் ஆண்டில் ஒதுக்குங்கள். முடிந்தால் கிளம்புமுன்பே தொடங்குங்கள்.

சிசிடி கணக்கில் சேர்க்கலாமா?

ஆராய்ச்சிக் காலத்தில் ஒரு பகுதியைப் பயிற்சியாகக் கணக்கிடச் சில துறைகளில் வழி உண்டு. நிபந்தனை ஒன்றே: ஜிஎம்சி ஒப்புதல் முன்கூட்டியே இருக்க வேண்டும். போய்விட்டு வந்து கேட்டால் கிடைக்காது. ராயல் காலேஜின் ஆதரவுக் கடிதம், பிறகு டீனரியின் தலைவரான டீன், பிறகு ஜிஎம்சி என்று வரிசையாகப் போகும். வாரம் ஒரு கிளினிக்கோடு முழுநேர லேப் வேலை என்றால் எதையும் சேர்க்கக் கேட்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. கன்சல்டன்ட் ஆனபிறகு அந்த மாதங்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

தேர்வுகளின் ஆயுளையும் பாருங்கள். பொது மருத்துவத் துறையினர் எழுதும் எம்ஆர்சிபி தேர்வின் முதல் பகுதித் தேர்ச்சி ஏழு ஆண்டுக்குத்தான் செல்லும். பாதியில் நிற்கும் தேர்வை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெளியே இருக்கும் காலம்

பயிற்சி எண் உங்களிடமே இருக்கும்; பயிற்சி முன்னேற்றத்தை மதிப்பிடும் ஏஆர்சிபி-யும் ஆண்டுதோறும் நடக்கும். ஓஓபி ஆண்டறிக்கை, சூப்பர்வைசர் அறிக்கை, இங்கிலாந்தில் ஃபார்ம் ஆர் என்ற படிவம் ஆகியவற்றைக் கொடுத்தால் அவுட்கம் 8 (ஓஓபி-யில் இருப்பவருக்குரிய முடிவு) வரும். வெளியே இருந்தாலும் ரீவேலிடேஷனுக்கு (ஜிஎம்சி உரிமத்தைத் தொடர்வதற்கான மதிப்பீட்டுக்கு) உங்கள் பொறுப்பதிகாரி டீன்தான். லேப் மின்னஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்து டீனரி மின்னஞ்சலைத் தவறவிடுவது எளிது. இரண்டையும் ஒரே போனில் வையுங்கள். ஜிஎம்சி கட்டணம் தொடரும். எம்டியு, எம்பிஎஸ் போன்ற மருத்துவப் பொறுப்புக் காப்பு அமைப்புகளில் வேலை நேரம் குறைந்ததைத் தெரிவித்தால் சந்தா குறையும்.

நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வென்றால், ஆராய்ச்சி ஒப்புதலுக்கான இணையவழி ஐராஸ் விண்ணப்பம் முதல் மாதத்திலேயே. எதிக்ஸ் கமிட்டிக்குக் கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு. அவர்கள் கேள்வி கேட்டால் நீங்கள் பதில் எழுதும் நாட்கள் அதில் சேராது. அதன்பின் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் ஒப்புதலைத் தர வேண்டும். மூன்று ஆண்டில் முதல் எட்டு மாதம் காகிதத்திலேயே போவது அசாதாரணமல்ல. காத்திருக்கும் காலத்தில் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ ஒன்றை எழுதி முடித்தால் தீஸிஸின் முதல் அத்தியாயம் தயார்.

வாரம் ஒரு கிளினிக்கை விடாதீர்கள். பணத்துக்காக மட்டுமல்ல. நோயாளி முன்னால் உட்காரும்போதுதான், எந்தக் கேள்விக்காக லேபில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம் என்பது மறுபடி தெரியும்.

திரும்பும் பாதை

திரும்பும் தேதியைக் குறைந்தது ஆறு மாதம் முன்பே டீனரிக்குச் சொல்ல வேண்டும். அப்படியும் நீங்கள் விரும்பிய மருத்துவமனை கிடைக்கும் என்று உறுதியில்லை. ஓஓபிஆர் பொதுவாக மூன்று ஆண்டு. நான்காவது ஆண்டு அரிதாகவே, டீன் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் மட்டும். ஆகவே கடைசி ஆறு மாதம் சோதனைக்கு அல்ல, எழுதுவதற்கு. ‘இன்னும் ஒரே ஒரு எக்ஸ்பெரிமென்ட்’ என்று சூப்பர்வைசர் சொல்வார். அவருக்கு அது அடுத்த கிராண்ட். உங்களுக்கோ இரவு டியூட்டி முடித்துவிட்டு வந்து புள்ளிவிவரம் எழுதும் ஓராண்டு. தீஸிஸைக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். வைவா (வாய்மொழித் தேர்வு) பிறகு நடக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்காக இங்கிலாந்தில் சப்போர்ட் என்ற திட்டம் இருக்கிறது. கிளம்புமுன் ஒரு படிவம், திரும்புமுன் ஒரு சந்திப்பு, பிறகு கூடுதல் மேற்பார்வையோடு சில வாரம், தேவைப்பட்டால் சிமுலேஷன் பயிற்சிக்குப் பணம். பெருமை பார்த்து இதை வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லாதீர்கள். உயிர்காக்கும் அவசரச் சிகிச்சைப் பயிற்சியான ஏஎல்எஸ்-இன் சான்றிதழ் நான்கு ஆண்டுக்குத்தான் செல்லும். பிஎச்டி-க்குப் போனவர்களில் பலருக்கு அது சரியாகத் திரும்பும் நேரத்தில் காலாவதியாகும். முன்பே இடம் பதிவுசெய்யுங்கள். முதல் ஆன்-காலுக்கு முந்தைய வாரம் மருத்துவமனைக்குப் போய், எலெக்ட்ரானிக் பிரிஸ்கிரைபிங் லாகின் வேலை செய்கிறதா, பிளட் கேஸ் மெஷின் உங்கள் கார்டை ஏற்கிறதா, ஆன்டிபயாடிக் வழிகாட்டுதல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ரெஜிஸ்ட்ரார் பேட்ஜ் போட்டுக்கொண்டு நடக்கும்போது, நீங்கள் மூன்று ஆண்டாகச் சுண்டெலியோடு இருந்தீர்கள் என்பது மருத்துவமனையின் அவசர எண்ணான 2222-ஐ அழைத்த நர்ஸுக்குத் தெரியாது.

கிளினிக்கல் லெக்சரர் பதவிக்கு விண்ணப்பிக்கத் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தீஸிஸ் கொடுத்திருந்தால் விண்ணப்பிக்கலாம், சேரும்போது பட்டம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான நிபந்தனை. பதவி கிடைத்தபின், அகாடமி ஆஃப் மெடிக்கல் சயின்சஸ் கிளினிக்கல் லெக்சரர்களுக்கென்றே தரும் ஸ்டார்ட்டர் கிராண்ட் 30,000 பவுண்டு வரை. சொந்தப் பெயரில் வாங்கும் முதல் ஆராய்ச்சி நிதியாகப் பலருக்கு அமைவது அதுவே. உங்கள் ஊரில் அப்படி ஒரு பதவி இந்த ஆண்டு வருகிறதா என்பது உங்கள் அகாடமிக் டிரெயினிங் புரோகிராம் டைரக்டருக்குத் தெரியும். தீஸிஸ் எழுதத் தொடங்கும் வாரத்திலேயே அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.